பணம் இருந்தால் கோப்பை வந்துவிடுமா? பெரிய கால்பந்துக் கிளப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "விடுங்க, காசு இருக்கிறவன் ஜெயிக்கிறான்." பணம் பத்தும் செய்யும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது சரியாகவும் படும். ஆனால் ஒரு பெரிய கிளப் கோடிகளைக் கொட்டிவிட்டு பட்டியலின் நடுவில் கிடக்கும்போது அதே ஆள் "காசு மட்டும் போதுமா?" என்பார். இரண்டுக்கும் இடையில் உண்மை எங்கே இருக்கிறது என்று பல வருடங்களாக யோசித்துவருகிறேன். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், பணம்தான் தீர்மானிக்கிறதா?

யாரெல்லாம் போட்டியில் இருக்கலாம் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. அவர்களில் யார் வெல்வது என்பதை அது தனியாகத் தீர்மானிப்பதில்லை.

முதல் பாதிக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டாம். 1992-இல் தொடங்கிய இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2025 வரை 33 பருவங்கள் முடிந்திருந்தன. பட்டம் வென்றவை ஏழே கிளப்புகள். ஸ்பெயினில் 2004-இல் வலென்சியா வென்றது; அதன் பிறகு 2025 வரை பட்டம் ரியால் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிகோ மாட்ரிட் என்ற மூன்று வீடுகளைத் தாண்டவில்லை. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில், பணக்கார லீக்குகளைச் சேராத ஒரு கிளப் கடைசியாக வென்றது 2004-இல், போர்ச்சுகலின் போர்ட்டோ. பிறகு 2025 வரை இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய ஐந்து பணக்கார லீக்குகளுக்கு வெளியே அந்தக் கோப்பை போகவில்லை.

அப்படியென்றால் அதிக விலைக்கு வீரர்களை வாங்குகிற கிளப்தானே வெல்ல வேண்டும்?

பெரும்பாலானவர்கள் தவறும் இடம் இது. செய்தியில் அடிபடுவது டிரான்ஸ்ஃபர் தொகை, அதாவது ஒரு வீரரை விடுவிக்க அவருடைய பழைய கிளப்புக்குக் கொடுக்கும் விலை. களத்தில் பேசுவது சம்பளம்.

பொருளாதார அறிஞர் ஸ்டீஃபன் சிமான்ஸ்கி 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்து கிளப்புகளின் கணக்கை ஆராய்ந்தார். லீக்கில் அந்தக் கிளப்புகள் பிடித்த இடங்களுக்கு இடையிலான வேறுபாட்டில் சுமார் 92 சதவீதத்தைச் சம்பளச் செலவு விளக்கியது. டிரான்ஸ்ஃபர் செலவு விளக்கியதோ வெறும் 16 சதவீதம்.

காரணம் யோசித்தால் புரியும். டிரான்ஸ்ஃபர் விலை என்பது ஒரே ஒரு நாள் போடும் பந்தயம். அன்றைக்கு விற்பவருக்கு அவசரம் இல்லை, வாங்குபவருக்கு அவசரம், ஏஜென்ட் நடுவில் நிற்கிறார், ரசிகர்கள் வெளியே கத்துகிறார்கள். விலை எங்கேயோ போய்விடும். சம்பளம் அப்படியில்லை. ஒரு வீரர் எவ்வளவு நல்லவர் என்பதைச் சக கிளப்புகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. குறைவாகக் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். அதனால் சம்பளம் திறமைக்கு நெருக்கமாகவே நகரும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பணம் வெற்றியைக் கொண்டுவருகிறது, வெற்றியும் பணத்தைக் கொண்டுவருகிறது. பட்டம் வென்றால் பரிசு, ஒளிபரப்புப் பங்கு, விளம்பரம், அப்புறம் சம்பள உயர்வு. எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எது முதலில் வந்தது என்று பிரிப்பது எளிதில்லை.

லெஸ்டர் சிட்டி வென்றதே, அது எப்படி?

2015-16. பருவம் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் லெஸ்டருக்குக் கொடுத்த வாய்ப்பு 5000-க்கு 1. அதற்கு முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் மாதக்கணக்கில் கிடந்து, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை வென்று, கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்த அணி அது. ஜேமி வார்டியை லீக் அமைப்புக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த ஃப்ளீட்வுட் அணியிடமிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். ரியாத் மஹ்ரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து சுமார் 4 லட்சத்துக்கு வந்தார். என்கோலோ கான்டேவுக்கு 56 லட்சம் அளவில் ஆனது. மற்ற பெரிய கிளப்புகள் ஒரு மாற்று ஆட்டக்காரருக்குச் செலவழிக்கும் தொகை இது. பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியின் கையில் இந்த அணி மூன்றே ஆட்டங்களில் தோற்று, பத்துப் புள்ளி முன்னிலையில் பட்டம் வென்றது.

இதைப் பணத்தின் தோல்வியாகக் கொண்டாடுபவர்களோடு நானும் கொண்டாடுவேன். ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். கான்டேவை அந்தக் கோடையிலேயே செல்சி வாங்கியது. 2016-17 பட்டம் செல்சிக்குப் போனது. லெஸ்டர் 2023-இல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. வெற்றியை ஒருமுறை பெறுவதற்கும் வருடாவருடம் வைத்துக்கொள்வதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பணம் உட்கார்ந்திருக்கிறது.

பாரிஸ் சான் ஜெர்மனிடம் இல்லாத பணமா? ஏன் அவ்வளவு காலம் ஆனது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொறுமையாகச் சொல்கிறேன்.

2011-இல் கத்தார் முதலீட்டு நிறுவனம் அந்தக் கிளப்பை வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் வேண்டும் என்பதுதான் கனவு. 2017-இல் பார்சிலோனாவிடமிருந்து நெய்மாரை 22.2 கோடி யூரோ கொடுத்து எடுத்தார்கள். அது உலகச் சாதனை. கூடவே எம்பாப்பே வந்தார், அவருக்கு 18 கோடி. 2021-இல் மெஸ்ஸியும் சேர்ந்தார். காகிதத்தில் இப்படி ஒரு முன்வரிசை உலகில் வேறு எங்கும் இல்லை. 2020-இல் இறுதி ஆட்டம் வரை போய் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று தோற்றதுதான் அந்த நட்சத்திரக் காலத்தில் அவர்கள் எட்டிய உச்சம். உள்ளூர் லீக்கில்கூட 2021 பட்டத்தை லீல் என்ற கிளப் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தட்டிக்கொண்டு போனது.

இப்போது அந்த 22.2 கோடி எங்கே போனது என்று பாருங்கள். பார்சிலோனா கையில் திடீரென்று கத்தை கத்தையாகப் பணம். அவர்களிடம் பணம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனவே விற்பவர்கள் எல்லோரும் விலையை ஏற்றினார்கள். 20 வயது உஸ்மான் டெம்பெலேவை 10.5 கோடி யூரோவுக்கும் கூடுதல் தொகைகளுக்கும் வாங்கினார்கள். பிறகு கூட்டினியோ, பிறகு கிரீஸ்மான், இருவருக்கும் ஆளுக்கு 12 கோடி அளவில். டெம்பெலே காயத்திலேயே பாதிக் காலத்தைக் கழித்தார். கூட்டினியோவை பேயர்னுக்கு இரவலாக அனுப்பினார்கள். 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பேயர்ன் பார்சிலோனாவை 8-2 என்று அடித்தபோது, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அதே கூட்டினியோ இரண்டு கோல் போட்டார். அடுத்த ஆண்டு பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்ட்டா அறிவித்தார். சம்பளச் செலவு வருமானத்தில் 103 சதவீதம். மெஸ்ஸி கண்ணீரோடு வெளியேறினார்.

பாரிசுக்குத் திரும்புவோம். 2023-இல் மெஸ்ஸியும் நெய்மாரும் போனார்கள். 2024-இல் எம்பாப்பே ஒரு பைசா டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் ரியால் மாட்ரிட்டுக்குப் போனார். நட்சத்திரங்கள் இல்லாத அந்த அணி, 2025 மே 31 அன்று மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று வென்று, முதன்முறையாக சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தது. பத்தொன்பது வயது தேசிரே துவே இரண்டு கோல் போட்டு ஒன்றுக்கு வழியும் அமைத்தார்.

அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. இன்டரின் கோல்கீப்பர் சோமர் கோல்கிக் எடுக்கத் தயாராகிறார். பெனால்டி எல்லைக்கோட்டில் முழங்காலை மடக்கி, குனிந்து, ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பவர்போல் ஒரு முன்னணி வீரர் அவரையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். பந்து காலைவிட்டு நகர்ந்தால் பாய்ந்துவிடுவார். அந்த ஆள் டெம்பெலே. பார்சிலோனாவில் வீணானவர் என்று பேர் வாங்கிய அதே டெம்பெலேவைத்தான் 2023-இல் பாரிஸ் சுமார் 5 கோடி யூரோவுக்கு எடுத்திருந்தது. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை நடு முன்னணியில் நிறுத்தி, பந்தில்லாதபோது முதலில் ஓட வேண்டியவர் நீதான் என்று ஆக்கினார். உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதும் 2025-இல் அவருக்கே கிடைத்தது.

நெய்மாருக்குக் கொடுத்த தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான விலை. நெய்மாரால் வராத கோப்பை. இரண்டையும் வாங்கியது ஒரே கஜானாதான்.

அந்த அணியும் மலிவானது இல்லையே?

இல்லைதான். அந்தப் பருவத்தின் நடுவில் நபோலியிடமிருந்து குவாரட்ஸ்கெலியாவை 7 கோடி யூரோ அளவில் வாங்கினார்கள். ஏழை அணி வென்ற கதையாக இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் அங்கேயேதான் இருந்தது. போய்ச் சேர்ந்த இடம் மாறியது. சட்டை விற்கும் பெயருக்குப் பதிலாக, பயிற்சியாளரின் ஆட்டத்துக்குத் தேவையான கால்களுக்குப் போனது.

மான்செஸ்டர் யுனைடெட், செல்சி இரண்டுக்கும் என்ன ஆயிற்று?

யுனைடெட்டுக்கு நடந்ததைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது. பயிற்சியாளர் சர் அலெக்ஸ் பெர்குசன் 13 பிரீமியர் லீக் பட்டங்களோடு 2013-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அந்தக் கிளப் கஞ்சத்தனம் செய்யவில்லை. 2016-இல் போக்பாவை 8.9 கோடி பவுண்டு என்ற அன்றைய உலகச் சாதனை விலைக்கு வாங்கினார்கள். 2022-இல் ஒப்பந்தம் முடிந்து அவர் சும்மாவே வெளியேறினார். இதில் வேடிக்கை என்னவென்றால், பதின்ம வயதில் தன் இளையோர் அணியில் அவரை வளர்த்ததே யுனைடெட்தான். 2024-25 பருவத்தை 15-ஆம் இடத்தில் முடித்தார்கள். ஒரு பயிற்சியாளர் ஒரு விதமான வீரர்களைக் கேட்பார். வாங்கிக்கொடுப்பார்கள். தோற்றதும் அவரை அனுப்பிவிட்டு, வேறு ஆட்டம் ஆடும் இன்னொருவரைக் கூட்டிவருவார்கள். பழையவர் கேட்டு வாங்கிய வீரர்கள் புதியவருக்கு ஆக மாட்டார்கள். மறுபடியும் வாங்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் இந்தச் சக்கரம் சுற்றியது.

செல்சியில் இதுவே ஒரே பருவத்தில் நடந்தது. 2022-இல் புதிய உரிமையாளர்கள் வந்தார்கள். இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களில் 50 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்தார்கள். டூஹெல், பாட்டர், லாம்பார்ட் என்று பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருந்தார். முடித்த இடம் 12. ஆனாலும் அவர்கள் 2025-இல் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக்கையும் கிளப் உலகக் கோப்பையையும் வென்றார்கள். பணம் இருப்பவருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை அதுதான்: தவறு செய்துவிட்டுத் திரும்ப முயற்சி செய்யலாம். சிறிய கிளப் இரண்டு முறை தப்பாக வாங்கினால் லீக்கை விட்டே இறங்கிவிடும்.

மான்செஸ்டர் சிட்டி பணத்தால் மட்டும்தானே வென்றது?

2008-இல் அபுதாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூர் வாங்கியிராவிட்டால் அந்தக் கிளப் இன்று இருக்கும் இடத்தில் இருந்திருக்காது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் யுனைடெட்டும் அதே ஊர், அதே காலம், வீரர்களை விற்ற வரவைக் கழித்துப் பார்த்தால் 2013-க்குப் பிந்தைய பத்து ஆண்டில் சிட்டியைவிட அதிகச் செலவு. சிட்டி செய்த வேறு காரியம் ஒன்று உண்டு. 2012-லேயே பார்சிலோனாவில் வேலை பார்த்த சோரியானோவையும் பெகிரிஸ்டைனையும் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் குவார்டியோலா வந்தது 2016-இல். அதாவது அவர் வருவதற்கு நாலு வருடம் முன்பே அவருக்கு ஏற்ற வீட்டைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2018-இல் 100 புள்ளிகள், 2023-இல் மூன்று கோப்பைகள், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள்.

நிதி விதிகளை மீறியதாக 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் அவர்கள்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. கிளப் எல்லாவற்றையும் மறுத்தது. என் கருத்தைக் கேட்டால், நல்ல திட்டமும் பெரிய பணமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் மற்றவர்களுக்கு மூச்சுத் திணறும். சிட்டியின் கதை அதுதான்.

சின்ன கிளப்புகள் புத்தியால் ஈடுகட்ட முடியாதா?

ஓரளவு முடியும். பிரைட்டனைப் பாருங்கள். 1997-இல் மைதானம் பறிபோய், லீக்கிலிருந்தே விழும் விளிம்பில் நின்ற கிளப் அது. டோனி புளூம் என்ற உரிமையாளர் புள்ளிவிவரங்களை நம்பி, யாரும் பார்க்காத இடங்களில் வீரர்களைத் தேட வைத்தார். ஈக்வடாரிலிருந்து கைசேடோவை 50 லட்சம் பவுண்டுக்கும் குறைவாக எடுத்து, 2023-இல் செல்சிக்கு 11.5 கோடி பவுண்டு வரை போகும் விலைக்கு விற்றார்கள். 2022-23-இல் அவ்வளவு செலவழித்த செல்சி 12-ஆம் இடம், பிரைட்டன் ஆறாம் இடம்.

ஆனால் அதற்கு மேலே ஏற முடியவில்லை. நல்ல வீரர் உருவானதும் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். விற்றுத்தான் அடுத்தவரைத் தேட முடியும். புத்தி அவர்களை மேசை வரை கொண்டுவந்தது, நாற்காலி இன்னும் கிடைக்கவில்லை.

லெவர்குசன் மட்டும் எப்படி நாற்காலியில் உட்கார்ந்தது?

ஜெர்மன் லீக்கை பேயர்ன் மியூனிக் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை வென்றிருந்தது. 2022 அக்டோபரில் ஷாபி அலோன்சோ பயிற்சியாளராக லெவர்குசனுக்கு வந்தபோது அணி கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. 2023-24-இல் அதே அணி 28 வெற்றி, 6 சமன், தோல்வியே இல்லை. இடது பக்கம் முழுவதையும் ஓடி அடைத்த கிரிமால்டோ டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் வந்தவர். நடுக்களத்தில் நிதானம் கொடுக்க 30 வயது ஷாகாவைச் சேர்த்தார்கள். ஒரு பயிற்சியாளர், அவருக்குப் பொருந்தும் ஆட்கள், யாரும் பதறாத ஒரு நிர்வாகம், எல்லாம் ஒரே வருடத்தில் ஒன்றாக அமைந்தன. பேயர்ன் அந்த வருடம் சறுக்கியதும் உதவியது. (லெவர்குசனுக்குப் பின்னால் ஒரு பெரிய மருந்து நிறுவனம் இருப்பதையும் மறக்க வேண்டாம்.)

கோப்பைப் போட்டிகளில் சிறிய அணிகள் அதிகம் வெல்வது ஏன்?

கால்பந்தில் கோல் குறைவு. ஒரு கோல் போட்டுவிட்டுத் தாக்குப்பிடித்தால் போதும். 2025-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பந்து பெரும்பாலும் சிட்டியின் காலில்தான் இருந்தது. கிரிஸ்டல் பேலஸ் 16-ஆம் நிமிடத்தில் எஸே மூலம் ஒரு கோல் போட்டது. கோல்கீப்பர் ஹெண்டர்சன் ஒரு பெனால்டியைத் தடுத்தார். அந்தக் கிளப்பின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை வந்தது. லீக்கில் 38 ஆட்டம் ஆடும்போது அதிர்ஷ்டம் கரைந்துவிடும். அங்கே அணியின் இருபதாவது வீரர் எவ்வளவு நல்லவர் என்பது முக்கியம், அதற்குக் காசு வேண்டும்.

பணக்கார உரிமையாளர் கைவிட்டால்?

சீனாவின் ஜியாங்சு கிளப் 2020 நவம்பரில் லீக் பட்டம் வென்றது. 2021 பிப்ரவரியில் மூடப்பட்டது. இடையில் மூன்று மாதம்.

நிதி விதிகள் இதைச் சரிசெய்யாதா?

2023-24-இல் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நட்டம் அனுமதிக்கப்பட்டது. அதை மீறியதற்காக 2023-24-இல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைத்து, பிறகு வேறொரு காலத்துக்கு 2 புள்ளி வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4. ஐரோப்பியப் போட்டிகளில், வீரர்களுக்கான செலவு வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ.

கிளப்புகள் திவாலாகாமல் காக்க இவை தேவைதான், ஆதரிக்கிறேன். ஆனால் வருமானத்தின் சதவீதம் என்று வைத்தால், வருமானம் அதிகம் உள்ளவர் அதிகம் செலவழிக்கலாம் என்றுதான் அர்த்தம். முன்னால் நிற்பவர் முன்னாலேயே நிற்க இது வழி செய்கிறது. ஒளிபரப்புப் பணத்தை இன்னும் சமமாகப் பகிர்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிரீமியர் லீக்கில் கடைசி இடத்து அணிக்கே ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு அளவில் கிடைக்கிறது. அங்கே கடைசி அணி முதல் அணியை வெல்வது நம்ப முடியாத செய்தி ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பணமில்லாத கிளப்பின் ரசிகர் எதை எதிர்பார்த்து இருப்பது?

ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ, தன் ஊர் இருக்கும் பாஸ்க் பகுதியைச் சேர்ந்தவர்களையும் அங்கே வளர்ந்தவர்களையும் மட்டுமே சேர்க்கும். எத்தனை கோடி கையில் இருந்தாலும் வெளியே போய் வாங்க முடியாது. இருந்தும் ரியால், பார்சிலோனாவோடு சேர்த்து, முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று கிளப்புகளில் அது ஒன்று.

அவர்கள் பெரிய கோப்பை வென்றால் லா கபாரா என்ற பழைய சரக்குப் படகில் வீரர்கள் ஏறி, ஊருக்குள் ஓடும் நெர்வியோன் ஆற்றில் வருவது வழக்கம். 1984-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அந்தப் படகு வெற்றிக்காக மிதக்கவே இல்லை. 2024 ஏப்ரலில் மயோர்க்கா அணியை பெனால்டியில் வென்று ஸ்பெயின் அரசர் கோப்பையை எடுத்தார்கள். ஐந்து நாள் கழித்துப் படகு கிளம்பியது. இரு கரையிலும், பாலங்களிலும், மாடிகளிலும் லட்சக்கணக்கில் சனம். 1984-இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.